பிறந்த வீட்டை விற்றபோது

பங்கு இல்லத்தின் கதவைத் தட்டுவோர் பலவகையினர். திருமுழுக்குச் சான்று கேட்டு வருவோர், திருமண ஓலை வாசிக்கச் சொல்ல வருவோர், மகனின் படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டி வருவோர் என்ற வரிசையில், "வீட்டை விற்கலாமென்று இருக்கிறோம், ஃபாதர், என்ன சொல்லுகிறீர்கள்?" என்று கேட்டு வருவோரும் உண்டு. குருமடத்தில் நாம் மெய்யியலும் இறையியலும் கற்றோமேயன்றி, பட்டாவும் வில்லங்கச் சான்றும் கற்றோமல்லோம். ஆதலால் நமது மறுமொழி எப்போதும் சுருக்கமாகவே இருக்கும்: "செபித்துவிட்டுச் செய்யுங்கள், தரகர்களிடம் மட்டும் எச்சரிக்கையாயிருங்கள்." 2024-ஆம் ஆண்டில் நாம் பிறந்த வீட்டையே விற்க நேர்ந்தது. அதன்பின் அம்மறுமொழியின் முற்பாதியை வைத்துக்கொண்டோம், பிற்பாதியை மாற்றிக்கொண்டோம். அது ஏன் என்பதைக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வது நலமென்று இதனை எழுதுகிறோம்.

நமது வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் இருந்தது. பாட்டனார் கொல்லம் 1116 தை மாதத்தில், அதாவது 1941-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், அந்த மனையை வாங்கினார். தந்தையார் அதில் ஓட்டு வீடு கட்டினார். முற்றத்தில் ஓர் அயனி மரமும், பின்புறம் கைப்பிடிச் சுவருள்ள கிணறும் உண்டு. 1984-இல் தந்தையார் மறைந்தபோது நாம் சிறிய குருமடத்தில் இருந்தோம். அன்னையார் தனியே அவ்வீட்டைக் காத்து, 2021-இல் இறைவனடி சேர்ந்தார். அதற்குப்பின் வீடு பூட்டியே கிடந்தது. தமையனார் சென்னையிலேயே நிலைத்துவிட்டார். நாமோ சில ஆண்டுகளுக்கொருமுறை பெட்டியைக் கட்டிக்கொண்டு பங்கு மாறுகிறவர்கள். ஓடுகள் சரிந்தன, நிலைக்கதவில் கறையான் ஏறிற்று. விற்றுவிடுவதென்று தமையனாரும் நாமும் பேசி முடிவு செய்தோம்.

மறைமாவட்டக் குருக்கள் துறவற சபையினரைப்போல ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுப்பவர்கள் அல்லர். ஆதலால் பெற்றோரின் சொத்தில் நமக்கும் சட்டப்படி பங்கு இருந்தது. அப்பங்கை யாருக்குக் கொடுப்பது என்று எண்ணியிருந்தோம். அவ்வாறு எண்ணியபோது நமது தாராள மனத்தைக் குறித்து நமக்குள் சிறிது மகிழ்ச்சியும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

எங்கள் பக்கத்தில் நிலபுலனை 'வஸ்து' என்பர். வஸ்துத் தரகர் மூவர், சந்திப்பிலுள்ள தேநீர்க் கடையையே அலுவலகமாகக் கொண்டு சேர்ந்து தொழில் செய்துவந்தனர். மூத்தவருக்கு அறுபது வயதிருக்கும். எந்த வரப்பு யாருடையது என்பது அவருக்கு மனப்பாடம். இரண்டாமவர் பத்திரம் எழுதுபவர். மூன்றாமவர் இளைஞர், கைப்பேசியில் படமெடுத்து, வளைகுடா நாடுகளிலுள்ள நம்மூராருக்கு வாட்ஸாப்பில் அனுப்புவது அவர் வேலை. ஊர் வழக்கப்படி விற்பவரிடம் நூற்றுக்கு இரண்டு, வாங்குபவரிடம் நூற்றுக்கு இரண்டு என்று முதல் நாளே கூறிவிட்டனர். "ஒரு சொல்லுக்கு நூற்றுக்கு இரண்டா?" என்று தமையனார் தொலைபேசியில் சலித்துக்கொண்டார். நமக்கும் அவ்வாறே தோன்றிற்று.

ஆனால் அவர்கள் செய்தது ஒரு சொல்லோடு முடியவில்லை. முதலில் பத்திரங்களைக் கேட்டனர். பாட்டனாரின் பிரமாணம் மலையாள எழுத்தில் இருந்தது. நம் மாவட்டம் 1956 நவம்பர் முதல் நாளில் சென்னை மாநிலத்தோடு இணையும்வரை திருவிதாங்கூர் ஆட்சியின்கீழும், பின்னர் திருவிதாங்கூர்–கொச்சியிலும் இருந்ததை வாசகர் அறிவர். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை அழைத்துவந்து அதனை வாசிக்கச் செய்தனர். எல்லைகளும் மரங்களும் ஒவ்வொன்றாக எழுதப்பட்டிருந்ததைக் கேட்கையில், எப்ரோனிடம் ஆபிரகாம் மக்பேலா நிலத்தை வாங்கிய செய்தி நினைவுக்கு வந்தது. தொடக்கநூலின் 23-ஆம் அதிகாரத்திலும் நிலமும் குகையும் மரங்களும் எல்லைகளும், நகர வாயிலில் கூடியிருந்த சாட்சிகளும் விடாமல் குறிக்கப்பட்டிருக்கக் காண்கிறோம்.

பிரமாணத்தில் இருபத்திரண்டு சென்ட் என்றிருந்தது. நில அளவரைக் கொண்டு அளந்தபோது இருபதரைதான் இருந்தது. ஊர்ப்பாதையை அகலப்படுத்தியபோது தந்தையார் ஒன்றரை சென்ட் விட்டுக்கொடுத்திருந்தார். "இருபத்திரண்டு என்றே சொல்லிவிடலாமே, காகிதத்தில் அப்படித்தானே இருக்கிறது?" என்றோம். மூத்தவர் நம்மை ஏறிட்டுப் பார்த்து, "வாங்குகிறவன் நாளைக்கு அளக்கமாட்டானா, ஃபாதர்?" என்றார். நிலைக்கதவின் கறையானையும் அவ்வாறே மறைக்கவிடவில்லை. புல்லை வெட்டினர், கிணற்றை இறைத்தனர், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தனர். கறையான் அரித்த நிலைக்கு மட்டும் வர்ணம் பூசவில்லை. சாதாரண கவனத்தோடு பார்த்தும் வாங்குபவர் கண்டுகொள்ள இயலாத முக்கியமான குறையை, தமக்குத் தெரிந்திருந்தால், விற்பவர் எடுத்துச்சொல்லவேண்டும் என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமே கூறுகிறது என்பதைப் பத்திரம் எழுதுபவர் விளக்கினார்.

விலையைக் குறித்தும் நமக்குப் பாடம் கிடைத்தது. சென்னை நிலவரத்தைக் கேட்டுப் பழகிய தமையனார் அறுபது இலட்சம் என்றார். அவ்வாண்டில் அக்கம்பக்கத்தில் கைமாறிய நான்கு வஸ்துக்களை மூவரும் விலையோடு எடுத்துக்காட்டி, நாற்பதிலிருந்து நாற்பத்திரண்டுக்குள் நிற்கும் என்றனர். அரசின் வழிகாட்டி மதிப்பு வேறு, சந்தை விலை வேறு, நமது பாசம் போடும் விலை வேறு என்பதை அன்றுதான் உணர்ந்தோம். அன்னையார் அடுப்பூதிய சமையலறைக்கு விலை கேட்டால் யார் கொடுப்பார்?

நாற்பத்தாறு இலட்சம் தருவதாக ஒருவர் வந்தார். பத்திரத்தில் இருபத்தாறு காட்டி, மீதி இருபதைப் பையில் தருவாராம். அந்த ஆண்டில் முத்திரைத் தீர்வை, மாற்றுத் தீர்வை, பதிவுக் கட்டணம் யாவும் சேர்ந்து நூற்றுக்கு ஒன்பது. அதில் ஒரு பகுதியை அவர் மிச்சப்படுத்த விரும்பினார். 2015 ஜூன் முதல் வீடு நிலத்துக்கு இருபதாயிரம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவதைச் சட்டம் தடைசெய்திருக்கிறது. "நாங்கள் இதில் நிற்கமாட்டோம், வேண்டுமானால் வேறு ஆளைப் பாருங்கள்" என்று மூவரும் எழுந்துவிட்டனர். விலை கூடினால் அவர்களுடைய தரகும் கூடுமல்லவா? கூடுவதை விட்டு எழுந்தவர்களைக் கண்டு நாமும் எழுந்தோம்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறோம்.

தமையனாரும் நாமும் பேசி முடிவு செய்ததாக மேலே கூறினோம். வாசகர் கவனித்திருப்பீரோ என்னவோ, நமக்கு ஓர் அக்காளும் உண்டு. வீட்டுக்கு மூத்தவர் அவரே. 1979-இல் பக்கத்து ஊரில் மணமுடித்துக் கொடுக்கப்பட்டார். பதினைந்து சவரன் நகை சீதனமாகக் கொடுத்ததால் அவர் கணக்கு தீர்ந்ததென்பது வீட்டாரின் எண்ணம். அக்காளிடம் ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொள்வதென்று இருந்தோம். நாமே தொலைபேசியில், "அக்கா, ஒரு கையொப்பம் வேண்டியிருக்கிறது" என்றோம். "எப்போது வரவேண்டும், தம்பி?" என்று மட்டுமே கேட்டார்.

வட்டாட்சியர் அளித்த வாரிசுச் சான்றை மூத்தவர் மேசைமீது விரித்தார். அதில் மூன்று பெயர்கள் இருந்தன. முதற்பெயர் அக்காளுடையது. "அக்காள் விடுதலை எழுதித் தருவார்கள்" என்றோம். அவர் கேட்டது இவ்வளவே: "எவ்வளவை விட்டுக்கொடுக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியுமா, ஃபாதர்?"

நமக்கு விடை இல்லை.

திருவிதாங்கூரில் 1916-ஆம் ஆண்டு இயற்றிய கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், மகனுடைய பங்கில் நான்கிலொன்று அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுவே மகளுக்கு என்று வைத்தது. சீதனம் பெற்றவளுக்கு அதுவுமில்லை. மேரி ராய் என்ற கேரளப் பெண்மணி தொடுத்த வழக்கில், 1951-ஆம் ஆண்டிலிருந்தே அச்சட்டம் செல்லாது, 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே செல்லும் என்று 1986 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்படி உயில் எழுதாமல் மறைந்தவரின் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. தந்தையார் மறைந்தது 1984 ஆயினும், தீர்ப்பு 1951 முதலே பொருந்துவதால், அக்காளுக்கும் மூன்றிலொரு பங்கு உண்டு. அன்னையாரின் பங்கும் அவ்வாறே மூவருக்கும் சமமாகச் சேரும். சட்டம் மாறி நாற்பது ஆண்டுகளை நெருங்கியும், எங்கள் வீட்டில் பழைய சட்டமே ஆண்டுகொண்டிருந்தது.

இதில் நமக்கு வெட்கம் தரும் செய்தி வேறொன்றும் உண்டு. தந்தையின் நிலத்தில் பங்கு கேட்டு மோசேயின் முன் நின்ற செலொபுகாதின் புதல்வியர் ஐவரைக் குறித்து நாம் பலமுறை மறையுரை ஆற்றியிருக்கிறோம். அப்போதெல்லாம் நம் அக்காள் நினைவுக்கு வந்ததேயில்லை.

மறுநாளே அக்காளின் வீட்டுக்குச் சென்றோம். திண்ணையில் அமர்ந்து, விலை இவ்வளவு, தரகு இவ்வளவு, தங்கள் பங்கு இவ்வளவு என்று தாளில் எழுதிக் காட்டினோம். "விட்டுக்கொடுக்க விரும்பினால் கொடுக்கலாம், வேண்டாமென்றாலும் எங்களுக்கு வருத்தமில்லை" என்றோம். அக்காள் நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், "அந்த வீட்டில் எனக்கும் பங்கு உண்டென்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை, தம்பி" என்றார். சிறிது பொறுத்து, "பங்கு என் பெயரிலேயே வரட்டும். பிறகு யாருக்கு என்ன கொடுப்பதென்று நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

தமையனார் இதனை எளிதில் ஏற்கவில்லை. "சீதனம் எங்கே போயிற்று? அம்மாவின் மருந்துச் செலவை யார் பார்த்தார்?" என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அன்னையாரின் இறுதி ஆண்டுகளில் மாதந்தோறும் பணம் அனுப்பியவர் அவரே. ஒரு மாத காலம் நம்மோடு பேசவில்லை. அம்மாதம் நமக்குப் பெரும் பாரமாயிருந்தது. இறுதியில் அவரிடம் பேசியவரும் மூத்த தரகரே. வாங்க முன்வந்தது ஒரு செவிலியர் குடும்பம்; மனைவி குவைத்தில் பணிபுரிகிறார்; வங்கிக் கடன் பெற்றே வாங்க இயலும்; வங்கியின் வழக்கறிஞர் மூன்று கையொப்பமும் கேட்பார்; அக்காளை மனம் நோகச் செய்து வாங்கிய கையொப்பம் நாளை வழக்காகும் என்று பொறுமையாக எடுத்துரைத்தாராம். மருந்துச் செலவுக்காக நமது பங்கிலிருந்து தமையனாருக்குக் கொடுப்பதாக நாமும் தெரிவித்தோம். நம் பங்கைக் குறித்த பழைய எண்ணங்கள் அவ்விதம் சிறுத்துப்போயின, அதுவும் நன்றே.

நாற்பத்திரண்டு இலட்சத்துக்கு விலை முடிந்தது. விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்தோம். தமிழ்நாட்டில் 2012-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப்பின் அது கட்டாயம். கிரயப் பத்திரப் பதிவன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் மூவரும் வரிசையாக நின்று விரல்ரேகை வைத்தோம். தமையனார் அக்காளுக்கு நாற்காலி இழுத்துப்போட்டார். இருவரும் அதிகம் பேசவில்லை. ஆயினும் மதிய உணவுக்கு அக்காள் வீட்டுக்கே சென்றோம். தரகு எண்பத்து நான்காயிரம் ரூபாய். அதைக் குறைத்துக் கேட்க யாருக்கும் நாவெழவில்லை. அது போக நாற்பத்தொரு இலட்சத்துப் பதினாறாயிரம். ஆளுக்குப் பதின்மூன்று இலட்சத்து எழுபத்திரண்டாயிரம். அக்காள் அறுபத்தேழாவது வயதில் தம் பெயரில் வங்கிக் கணக்கு ஒன்று தொடங்கினார்.

இப்போது வீடு விற்க யோசனை கேட்டு வருவோரிடம் நாம் கூறுவது இதுவே. பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று நான்கையும் முதலில் தேடி வையுங்கள். நிலத்தை அளந்தபின் விலை பேசுங்கள். உங்கள் ஊரைத் தெரிந்த, ஊராருக்கும் தெரிந்த தரகரை நாடுங்கள். தரகை முன்னதாகவே பேசி, முடிந்ததும் முழுமையாகக் கொடுங்கள். குறையை மறைக்கத் துணைபோகும் தரகர் நாளை உங்களிடமும் மறைப்பார். இவை யாவற்றுக்கும் முன்னதாக, வீட்டில் பிறந்த எல்லாரையும், மணமுடித்துச் சென்ற பெண்மக்கள் உட்பட, ஒரே பாயில் அமரச்செய்து, பங்கை எண்ணிக்கையாகச் சொல்லுங்கள். விட்டுக்கொடுப்பவர் அறிந்து விட்டுக்கொடுக்கட்டும்.

அண்மையில் அவ்வழியே செல்ல நேர்ந்தது. நிலைக்கதவு புதிதாயிருந்தது. அயனி மரத்தை வெட்டாமல் விட்டிருந்தனர்; அதன் நிழலில் இரு குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தன. அக்காளிடம் தெரிவித்தோம், கிணறு எப்படியிருக்கிறது என்று கேட்டார். தம் பங்கை அவர் என்ன செய்தார் என்று நாம் இன்றுவரை கேட்கவில்லை. கேட்பதற்கு நமக்கு உரிமையும் இல்லை.