வேடியப்பன் கல்

சென்ற தைத்திங்கள் விடுமுறையில் தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணாக்கராகிய யாங்கள் எண்மர், ஆசிரியர் ஒருவரோடு தருமபுரியை அடுத்த சிற்றூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான்கு நாட்கள் முகாமிட்டிருந்தோம். பகலெல்லாம் சுற்றிப் பார்ப்பதும், இரவில் செபம் முடிந்தபின் கண்டவற்றைக் குறித்து வைப்பதும் எங்கள் ஏற்பாடு. தருமபுரியே பண்டைத் தகடூர் என்பதும், ஒளவையாருக்கு நண்பனாய் விளங்கிய அதியமான் நெடுமான் அஞ்சி அதனை ஆண்டான் என்பதும் எங்களுக்கு மனப்பாடம். ஆதலின் முதல் நாளே அதியமான்கோட்டைக்குப் புறப்பட்டோம்.

கோட்டை என்றவுடன் எங்கள் மனக்கண்முன் தோன்றியது வேறொன்று. வேல்ஸ் நாட்டில் முதலாம் எட்வர்டு மன்னன் 1283இல் கட்டத் தொடங்கிய கான்வி, கர்நார்வன் கோட்டைகளின் படங்களை நூல்நிலையத்தில் கண்டிருந்தோம். வானளாவிய கொத்தளங்களும், அவற்றின் அருகே கூடாரம் அடித்து விடுமுறை கழிப்போரும் அப்படங்களில் இருந்தனர். இங்கோ, சேலம் சாலையோரத்தில் வீடுகளும் வயல்களும் முட்செடி மூடிய மண்மேடுமே எதிர்ப்பட்டன. சென்னராயப் பெருமாள் கோயில் மண்டபத்தின் மேற்கூரையிலுள்ள பழைய இதிகாச ஓவியங்கள் சிறிது ஆறுதல் அளித்தன. எனினும், "இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே நடந்தோம்.

நண்பகலில், ஊருக்கு அப்பால் ஒரு புளிய மரத்தடியில் கட்டுச்சோற்றை அவிழ்த்தோம். அங்கே சாய்ந்து கிடந்த பலகைக் கல்லின்மேல் எம்முள் இருவர் அமர்ந்தனர். சோற்றுப் பொட்டலங்களும் அதன்மேலேயே வைக்கப்பட்டன. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் விரைந்து வந்தார்.

"எந்திரிங்க கண்ணுங்களா! அது வேடியப்பன் கல்லு. அதும் மேலயா குந்துவாங்க?"

திடுக்கிட்டு எழுந்து கல்லின் மறுபுறத்தைப் பார்த்தோம். வில்லேந்திய வீரன் ஒருவன் அங்கே நின்றான். அவன்மீது உலர்ந்த மஞ்சளும் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தன. தலைக்குமேல் தேய்ந்த சில வரிகள் தெரிந்தன. அது நடுகல்!

நடுகல் அமைக்கும் ஆறு நிலைகளையும் தொல்காப்பியத்தினின்று தேர்வில் பிழையற எழுதியவர்கள் யாங்கள். அதியமான் மாண்டபின் அவனுக்கு நட்ட கல்லின்முன் ஒளவையார் கலங்கிப் பாடிய புறநானூற்றுப் பாட்டைக் கண்ணீர் மல்கப் பாடங்கேட்டவர்கள் யாங்கள். அக்கல்லைக் கண்ணெதிரே கண்டபோது அதன்மேல் சோறு வைத்தோம்! கல்லை வணங்குதல் எங்கள் வழக்கமன்று. ஆயினும் எங்கள் ஊர்க் கல்லறைமேல் அயலார் அமர்ந்து உண்டால் பொறுப்போமா?

மூதாட்டியார் சினம் தணிந்து, "படிக்கிற புள்ளைங்கதானே? அதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்க சாமி" என்றார். அவை பழைய வட்டெழுத்துக்கள். எண்மருள் ஒருவருக்கும் ஓரெழுத்தேனும் விளங்கவில்லை. அன்றிரவு எவரும் குறிப்பு எழுதவில்லை.

மறுநாள், 2004 வரை தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கிருஷ்ணகிரிக்குச் சென்று மலைக்கோட்டையில் ஏறினோம். 1791இல் ஆங்கிலப் படை தாக்கியும் பிடிக்க இயலாத கோட்டை அது. 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பாராமகால் நாடு முழுவதும் கும்பெனியார் கைக்கு மாறியது. விரும்பிய மதில்களைக் கண்டோம், மகிழ்ச்சியும் உண்டாயிற்று. ஆனால் நினைவு புளிய மரத்தடியிலேயே நின்றது.

மூன்றாம் நாள் தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள் பல கண்டோம். ஆநிரை மீட்கப் பொருது மடிந்தோரின் கற்கள் அவற்றுட் பல. அங்கே ஆசிரியர் மற்றொரு செய்தி கூறினார். திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் 1981இல் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கண்டறியப்பட்டது. அதியன் நெடுமான் அஞ்சி ஒரு குகை உறைவிடத்தை ஈந்ததை அது கூறுகிறது. அவனைச் 'சதியபுதோ' என்றும் குறிக்கிறது. அசோகன் தன் பாறைக் கல்வெட்டில் சோழ பாண்டியரோடு குறித்த சதியபுத்திரர் யாவர் என்பது அந்த ஒரு வரியால் தெளிவுற்றதாம். எழுத்தறிந்தோர் படித்திராவிடில் அதுவும் வெறுங்கல்லே அன்றோ?

இறுதி நாள் காலையில் அம்மூதாட்டியாரைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டோம். கல்லைச் சுற்றியிருந்த முள்ளை வெட்டித் தூய்மை செய்தோம். "இவர் யார், பாட்டி?" என்று வினவினோம்.

"யாருக்குத் தெரியும் சாமி? மாட்டுக்காவ செத்தவருன்னு எங்க பாட்டி சொல்லுவா. நாங்களும் ஆடு மாடு வெச்சுப் பொழைக்கிறவங்க. மறந்துட முடியுங்களா?"

தமிழ் படித்து என்ன பயன் என்று உற்றார் கேட்கும்பொழுதெல்லாம் விடையின்றி நின்றவர்கள் யாங்கள். எழுத்தறியாத அவர் தம் கடமையை வழுவாது செய்திருக்கிறார். எழுத்தறிந்த எங்கள் கடமையோ எஞ்சி நிற்கிறது. இப்பொழுது சனிக்கிழமைதோறும் மாலையில் ஆசிரியரிடம் வட்டெழுத்துப் பயின்று வருகின்றோம். அடுத்த விடுமுறையில் மீண்டும் அங்கே செல்வோம். அக்கல்லின் வரிகளை அவருக்குப் படித்துக் காட்டவேண்டும்.