இழை இணைப்பவர்

சாலையை அகலப்படுத்துவதற்காக மண்ணைத் தோண்டிய இயந்திரம் பூமிக்கடியில் ஓடிய கண்ணாடி இழைக் கேபிளை அறுத்துவிட்டதென்றும், அதனால் சுற்றுவட்டாரத்தில் வங்கியும் பத்திரப் பதிவு அலுவலகமும் நாள் முழுவதும் செயலற்றுக் கிடந்தன என்றும் பத்திரிகையில் வந்த சிறு செய்தியைப் படித்தபோது, அறுந்ததைப் பற்றி எழுதிய நிருபர் அதை மறுபடி ஒட்டியவரைப் பற்றி ஒரு வாக்கியமேனும் எழுதாதது எனக்குப் பெருங்குறையாகப் பட்டது. தொலைபேசித் துறையில் ஓய்வுபெற்ற நண்பரிடம் இதைச் சொன்னேன். தமக்குத் தெரிந்த தொழிலாளி ஒருவரிடம் அவர் என்னை அனுப்பிவைத்தார்.

திண்டிவனத்துக்கு வடக்கே, நெடுஞ்சாலை ஓரத்தில், மார்பளவு ஆழமுள்ள குழியின் கரையில் கட்டிய தார்ப்பாய்க் கூடாரத்துக்குள் அவரைக் கண்டேன். செஞ்சிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர், நாற்பத்தைந்து வயதிருக்கும்.

"காத்து அடிச்சா வேலை ஆகாது சார், அதான் கூடாரம். தூசி ஒண்ணு உக்காந்தாலும் ஜாயிண்ட் நிக்காது" என்று சொல்லி, ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு என்னை உட்காரவைத்தார்.

கணினிகளைப் பிணைக்கும் கேபிள்களின் சரித்திரம் முழுவதையும் இந்த ஒரு மனிதர் தம் கைகளாலேயே தொட்டுக் கடந்து வந்திருக்கிறார் என்பது பேசப்பேசத்தான் எனக்கு விளங்கிற்று. பள்ளிப் படிப்பு நின்றதும், தொலைபேசிக் குழிகளில் 'ஜெல்லி கேபிள்' இணைத்த பெரியவர் ஒருவரிடம் எடுபிடியாகச் சேர்ந்தார். தண்ணீர் புகாதபடி பசை அடைத்த அந்தச் செப்புக் கேபிளில், இரண்டிரண்டாக முறுக்கிய நூற்றுக்கணக்கான கம்பிகளை வர்ணம் பார்த்து ஜோடி சேர்ப்பதில் அவருடைய இளமை கழிந்தது. பின்பு சென்னைக்குப் போய் அலுவலகங்களில் கேபிள் இழுத்தார். சில இடங்களில் அப்போதும் பழைய கோஆக்சியல் கேபிளே இருந்ததாம். நடுவே ஒரு செப்புக் கம்பியும், அதைச் சூழ்ந்த பிளாஸ்டிக்கும், அதன்மேல் கம்பி வலையுமாக அமைந்த அந்த ஒற்றைக் கேபிளில் கணினிகள் யாவும் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். எங்கேனும் ஓர் இணைப்புக் கழன்றால் வரிசை முழுவதும் நின்றுபோகும். "எந்த மேசைக்குக் கீழே கழண்டிருக்குதுன்னு தவழ்ந்து போய்த் தேடுவோம் சார்."

அதற்கடுத்து, இன்று வீடுகளிலும் அலுவலகங்களிலும் காணும் எட்டுக் கம்பிக் கேபிள். "வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன்" என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தார். கம்பிகளை ஜோடியாக முறுக்கினால் வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டிலும் சமமாக விழுந்து ஒன்றையொன்று கழித்துவிடும் என்ற தத்துவத்துக்குக் கிரகாம் பெல் 1881-ஆம் ஆண்டிலேயே உரிமை பெற்றிருந்தார். ஆயினும் அந்தக் கேபிள் 100 மீட்டர் வரைக்குந்தான் நம்பகமானது. ஊரையும் ஊரையும் இணைக்க வேறொரு பொருள் வேண்டியிருந்தது. கண்ணாடி போதிய அளவு சுத்தமாக இருந்தால் ஒளியே செய்தியைச் சுமந்து செல்லும் என்று 1966-இல் சார்லஸ் காவ் எழுதினார். நான்கு ஆண்டுகளில் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அத்தகைய இழையைச் செய்து காட்டிற்று. காவுக்கு நோபல் பரிசு 2009-இல்தான் கிட்டியது.

இழையின் குறுக்களவு 125 மைக்ரான்; அதனுள்ளும் ஒளி செல்லும் பாதை ஏறத்தாழ 9 மைக்ரான். வெட்டுண்ட இரு முனைகளிலும் இந்த 9 மைக்ரான் பாதைகள் நேருக்கு நேர் பொருந்த வேண்டும். பொருத்துவதும், மின்பொறியால் உருக்கி ஒட்டுவதும் இயந்திரத்தின் காரியம். அதற்கு முன்னால் முனையைச் செங்கோணமாக வெட்டித் தருவது மனிதனின் காரியம். இதைச் செய்யும் கருவிக்குக் 'கிளீவர்' என்று பெயர், உள்ளங்கையில் அடங்கக்கூடியது. அவர் இழையின் மேற்பூச்சை உரித்து, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, கிளீவரின் பள்ளத்தில் படியவைத்து மூடியை அழுத்தினார். அதன் அலகு கண்ணாடியை அறுப்பதில்லை. மேலே ஒரு கீறலிடுகிறது, அவ்வளவே. கீறிய இடத்தில் வளைவு விழும்போது இழை தானாகவே நேர்க்கோட்டில் முறிகிறது. இயந்திரத்தின் திரையில் பெரிதாய்த் தெரிந்த முனையைப் பார்த்துத் தலையசைத்தார். "ஒதடு ஒடஞ்சிருக்கு" என்று அதை எடுத்துவிட்டு மறுபடி வெட்டினார். எனக்கு இரண்டு முனைகளும் ஒன்றாகவே தெரிந்தன. முறிந்த துணுக்குகளைக் கைப்பழக்கத்திலேயே எடுத்து ஒரு சிறு புட்டிக்குள் போட்டார். தோலுக்குள் ஏறினால் கண்ணுக்கும் தெரியாது, எளிதில் எடுக்கவும் வராது.

ஆறு ஆறாக நான்கு குழல்களில் இருபத்துநான்கு இழைகள். நீலம், ஆரஞ்சு, பச்சை, பிரவுன், சாம்பல், வெள்ளை என்ற வரிசையில் ஒவ்வொன்றையும் அவர் ஒரே சிரத்தையோடுதான் இணைத்தார். சென்னையிலிருந்து வங்கக் கடலுக்கடியில் அந்தமான் தீவுகளுக்கு 2020-இல் சென்று சேர்ந்த சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிளிலும் இதுபோன்ற இழைகளே ஓடுகின்றன. கரையிலோ கப்பலிலோ யாரோ ஒருவர் இவரைப் போலக் குனிந்து அமர்ந்து முனைகளைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். இணைப்பின் தரத்தைச் சோதிக்கும் 'ஓடிடிஆர்' என்ற கருவியின் வரைபடத்தையும் எனக்கு விளக்கினார். அதில் என் மனம் செல்லவில்லை.

கூலியைப் பற்றிக் கேட்டபோதுதான் அவர் குரல் மாறியது. கேபிளுக்கு உடையவர் ஒரு நிறுவனம். அதனிடம் பராமரிப்பை எடுத்தவர் ஓர் ஒப்பந்தக்காரர். அவரிடம் மாவட்டத்தை எடுத்தவர் மற்றொருவர். அவருக்கும் கீழே ஆள் சேர்த்துக் கொடுப்பவர் இன்னொருவர். ஜாயிண்டுக்கு இவ்வளவு என்று மேலே நிச்சயிக்கப்படும் தொகை படிப்படியாக இறங்கி வருகையில் ஒவ்வொருவரும் தம் பங்கை எடுத்துக்கொள்கிறார்கள். மீதியிலும் இயந்திரத்தின் வாடகை கழிகிறது. வேலையில்லாத நாளுக்கும் வாடகை உண்டு. இந்த மூவரில் எவருக்கும் கிளீவரைப் பிடிக்கத் தெரியாது, எவரும் நள்ளிரவில் குழியருகே உட்கார்ந்ததில்லை என்பதை நினைக்கையில் என் நெஞ்சு கொதித்தது. ஒப்பந்தப் பத்திரத்தில் குழாயின் தடிப்பையும் குழியின் ஆழத்தையும் மில்லிமீட்டர் பிசகாமல் எழுதத் தெரிந்தவர்களுக்கு, இணைப்பவரின் கூலியையும் அதே பத்திரத்தில் எழுதி நேராக அவர் கணக்கிலேயே செலுத்தச் செய்வதில் என்ன தடை இருக்க முடியும்? தடை ஒன்றுமில்லை, எழுதினால் நடுவிலிருப்பவர்களுக்குப் பங்கு குறையும் என்பதுதான் விஷயம்.

இணைப்புகளைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டிருக்கையில் செய்யாற்றுப் பக்கம் இன்னொரு 'கட்' என்று ஆள் சேர்ப்பவரிடமிருந்து அழைப்பு வந்தது. "போன மாசப் பாக்கி என்னாச்சுண்ணே?" என்று இவர் கேட்டார். வேலையை முடித்துவிட்டு வா, பேசிக்கொள்ளலாம் என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. உதவிக்கிருந்த பையன், "போகணுமாண்ணே?" என்றான். "மெஷினுக்கு வாடகை கட்டணும்டா" என்று சொல்லிக் கிளீவரைத் துடைத்து உறையிலிட்டார்.