தூரத்திற்கு ஒரு படி

1923-ஆம் ஆண்டில் லீ பிரபுவின் தலைமையில் ஒரு ராயல் கமிஷன் அமைந்தது. இந்தியாவில் பணிபுரிந்த ஆங்கில உயர் அதிகாரிகள், சம்பளம் போதவில்லை, தாயகம் சென்றுவரச் செலவு மிகுதி என்று அதனிடம் முறையிட்டனர். அவர்களுக்குக் கூடுதல் சம்பளமும், குடும்பத்தோடு சென்றுவரக் கப்பற் கட்டணமும் வழங்குமாறு 1924-இல் அது பரிந்துரைத்தது.

பிறந்த மண்ணைப் பிரிந்தவர் ஈடு கேட்பது நியாயமே. தஞ்சையை விட்டுத் தில்லிக்குக் குமாஸ்தாவாக வந்த என் பாட்டனாரும் பிரிந்து வந்தவர்தாம். கரோல்பாக்கில் ஒற்றை அறை. சம்பளத்தில் பெரும்பகுதி வாடகைக்கே போகும். வாடகைப்படி வேண்டி அவர் எழுதிய விண்ணப்பங்களின் நகல்கள் எங்கள் பெட்டியில் இன்றும் உள்ளன, பதில் ஒன்றுமில்லை.

1946-இல் நீதிபதி வரதாச்சாரியார் தலைமையில் சம்பளக் கமிஷன் அமைந்தது. கடைநிலை ஊழியருக்கும் பஞ்சப்படியுடன் மாதம் 55 ரூபாய் வேண்டுமென அது கூறியது. இன்று வாடகைப்படி பெறும் நாம், அன்று விண்ணப்பம் எழுதிய கைகளை நன்றியுடன் நினைப்போமாக.