கம்பு எந்த ஊர்க் கம்பு?



சிலம்பம் எகிப்தில் பிறந்ததா, நம்ம மதுரைப் பக்கம் பிறந்ததா? எங்கள் வகுப்பில் இதற்காக ஒரு வாரம் சண்டை. "உலகத்துல எல்லாச் சண்டைக் கலையும் எகிப்துலதான் ஆரம்பிச்சது" என்றது ஒரு கட்சி. "போங்கடா, நாமதான் கப்பல்ல போய் அவங்களுக்கே சொல்லிக் குடுத்தோம்" என்றது இன்னொரு கட்சி. நான் விளாங்குடியில் மூன்று வருடமாகக் கம்பு சுற்றுகிறவள். அதனால் என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். படித்துத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் எகிப்துக் கட்சி. நைல் நதிக்கரையில் பெனி ஹாசன் என்னும் இடத்தில் பாறையைக் குடைந்த கல்லறைகள் இருக்கின்றன. சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்பே அவற்றின் சுவரில் மல்யுத்தம் வரைந்திருக்கிறார்கள். ஒரே கல்லறையில் 200 ஜோடிக்கு மேல்! மூன்றாம் ராம்சேஸ் மன்னர் கட்டிய மெதினத் ஹாபு கோயிலில் கம்புச் சண்டைச் சிற்பமே உள்ளது. அதற்கு வயது 3,100-க்கு மேல். இன்றும் அங்கே 'தஹ்தீப்' என்று மேளத்தோடு கம்பு ஆடுகிறார்கள். 2016-ல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அடுத்து நம்ம கட்சி. தமிழர்கள் எகிப்துக்குப் போனது உண்மைதான். செங்கடல் ஓரம் பெரெனிகே துறைமுகத்தில், நம் நாட்டுப் பானையில் ஏழரை கிலோ மிளகு கிடைத்தது. குசேர் அல் காதிம் துறைமுகத்தில் 'கணன்', 'சாதன்' என்று தமிழ் எழுத்தில் பெயர் பொறித்த ஓடுகள் கிடைத்தன. ஆனால் இவை சுமார் 2,000 ஆண்டுப் பழமை. அந்தக் கல்லறைப் படங்களோ அதற்கும் 2,000 ஆண்டு முந்தியவை. அப்புறம் நாம் எப்படிச் சொல்லிக் கொடுத்திருக்க முடியும்?

சரி, அவர்கள்தான் நமக்குக் கொடுத்தார்களா? அதற்கும் சாட்சி இல்லை. பானையில் மிளகு இருந்தது, சிலம்பம் இல்லை. ஆட்டமும் வேறு வேறு. தஹ்தீப்பில் எதிராளியை அடிக்கவே கூடாது. நம் போட்டியிலோ கம்பு உடம்பில் பட்டால்தான் புள்ளி. நமக்குக் காலடிதான் உயிர்.

எங்கள் வாத்தியார் தாத்தாவிடம் கேட்டேன். சிரித்துவிட்டுச் சொன்னார்: "ஏத்தா, ஆடு மாடு மேய்க்கிறவன் கையில கம்பு இல்லாத ஊரு எங்கிட்டு இருக்கு? நாய் வந்தா எல்லாரும் வீசத்தான் செய்வான். யாரு மொதல்லன்னு கேக்குற. யாரு கடைசின்னு கேட்டியா?"

அந்தக் கேள்விதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்தது. நான் சேர்ந்தபோது 18 பேர் இருந்தோம். இப்போது 7 பேர். பெண் பிள்ளைகள் இரண்டே பேர். தாத்தாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. வீட்டில் அம்மா, "அடுத்த வருசம் பத்தாவது. கம்பத் தூக்கி மூலையில வையி" என்கிறார். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா விளையாட்டில் சிலம்பத்தையும் காட்சி விளையாட்டாகச் சேர்த்தார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "மார்க் வரட்டும், பாக்கலாம்" என்றார். நான் விடவில்லை. காலையில் ஒரு மணி நேரம் கூடுதலாகப் படிக்கிறேன், சனி ஞாயிறு மட்டும் கம்பு என்று பேசி, இப்போதைக்குச் சம்மதம் வாங்கியிருக்கிறேன்.

எகிப்தில் சுவரில் வரைந்து வைத்ததால் 4,000 வருடம் கழித்தும் பார்க்கிறோம். நம் காலடியை யாரும் சுவரில் வரையவில்லை. ஒருவர் கால் வைப்பதைப் பார்த்து அடுத்தவர் வைத்தால்தான் அது உண்டு.

ஆகவே என் தீர்ப்பு: இரண்டு கட்சியும் தோற்றது! எங்கே பிறந்தது என்று சண்டை போட்டது போதும். தங்கச்சி, தம்பிகளா, சனிக்கிழமை சாயங்காலம் கண்மாய்க் கரைக்கு வாங்க. கம்பு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தாத்தா தருவார். உங்கள் நெற்றி உயரம் இருந்தால் போதும்.

- ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி