700 ரூபாய், ஒரு இஞ்ச் டேப், ஒரு ஸ்போர்ட்ஸ் பை: பெரியமேட்டில் ஒரு சனிக்கிழமை

ஆவடியிலிருந்து வந்த மின்சார ரயில் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் நிலையத்தில் நின்றபோது காலை மணி பத்தரை. இறங்கிய கூட்டத்தில் ஓர் அம்மா, பிளஸ் ஒன் படிக்கும் மகள். அம்மாவின் கையில் ஜவுளிக்கடைப் பெயர் போட்ட கட்டைப்பை. அதற்குள் மகளின் வாலிபால் ஷூ, நீ-பேட், இரண்டு ஜெர்சி, துண்டு, தண்ணீர் பாட்டில், ஸ்கிப்பிங் கயிறு.

வாங்க வந்திருப்பது ஒரு ஸ்போர்ட்ஸ் பை. ஆனால், பைக்குள் போகவேண்டிய சாமான்களையும் சேர்த்தே தூக்கி வந்திருக்கிறார் அம்மா. "எதுக்கும்மா இதெல்லாம்? கடையில சிரிப்பாங்க" என்று ரயிலில் ஏறியதிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வருகிறாள் மகள்.

திங்கட்கிழமை அவள் வெளியூர் விளையாட்டு விடுதியில் சேரவேண்டும். வீட்டைவிட்டுத் தனியாகத் தங்கப்போவது இதுதான் முதல் முறை. பைக்கு ஒதுக்கியிருக்கும் பணம் 700 ரூபாய். அதற்கு மேல் இல்லை.

எரிந்த சந்தையின் பெயரில் ஒரு ரயில் நிலையம்

அவர்கள் இறங்கிய நிலையத்தின் பெயருக்கே ஒரு கதை உண்டு. பழைய புத்தகத்திலிருந்து கிளி, முயல் வரை விற்ற மூர் மார்க்கெட் இருந்த இடம் இது. 1985-ல் ஏற்பட்ட தீ விபத்தில் அந்தச் சிவப்புக் கட்டடம் போய்விட்டது. பெயர் மட்டும் புறநகர் ரயில் நிலையத்தில் தங்கிவிட்டது. வியாபாரிகள் பலர் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்கு இடம் மாறினார்கள்.

வெளியே வந்தால் வெள்ளை வெளேரென்று ரிப்பன் மாளிகை. 1913-ல் திறக்கப்பட்ட மாநகராட்சிக் கட்டடம். அதற்குப் பின்பக்கம் நேரு ஸ்டேடியம். இப்போதுள்ள ஸ்டேடியம் 1993-ல் கட்டப்பட்டது. அதற்கு முன்பு இதே இடத்தில் கார்ப்பரேஷன் ஸ்டேடியம் இருந்தது. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிரான டெஸ்டில் வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது இங்கேதான். அந்த உலக சாதனையை முறியடிக்க 52 ஆண்டுகள் ஆயின.

ஸ்டேடியத்தை ஒட்டிய பெரியமேடு, சைடன்ஹாம்ஸ் சாலைப் பகுதியில் விளையாட்டுச் சாமான் கடைகள் வரிசை கட்டி நிற்கின்றன. கேரம் போர்டு, கோப்பை, ஜெர்சி, பந்து, பேட் என்று எல்லாம் ஒரே இடத்தில். இன்னொரு பக்கம் இது தோல் வியாபாரத்துக்குப் பேர்போன ஏரியா. வாணியம்பாடி, ஆம்பூர் தோல் வியாபாரத்தோடு தலைமுறை தலைமுறையாகத் தொடர்பு உள்ள தெருக்கள். தோலும் விளையாட்டும் சந்திக்கும் இடத்தில் பை விற்காமல் இருக்குமா? கடை வாசல்களில் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன, கறுப்பு, நீலம், சிவப்பு டஃபிள் பைகள்.

'டஃபிள்' என்பது ஓர் ஊரின் பெயர். பெல்ஜியத்தில் இருக்கிறது. அங்கே நெய்த முரட்டுக் கம்பளித் துணிக்கு ஊர்ப் பெயரே ஒட்டிக்கொண்டு, பிறகு உருளை வடிவப் பைக்கும் வந்துவிட்டது. இன்றைய பைகளில் கம்பளி கிடையாது. பெரும்பாலும் பாலியெஸ்டர்தான்.

மகளுக்குப் பிடித்த பை

முதல் கடையிலேயே மகளின் கண் ஒரு பையில் நின்றுவிட்டது. கறுப்பு நிறம், பக்கவாட்டில் பெரிய கம்பெனி ஒன்றின் முத்திரை. விலை 650 ரூபாய். அந்த கம்பெனியின் உண்மையான பை இந்த விலைக்கு வராது என்பது அவளுக்கும் தெரியும்.

"ஹாஸ்டல்ல எல்லாரும் பிராண்டு பைதாம்மா வெச்சிருப்பாங்க."

அம்மா பதில் சொல்லவில்லை. பையை வாங்கி, ஜிப்பைத் திறந்து, உள்பக்கத்தை வெளியே புரட்டினார். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "அக்கா, எக்ஸ்போர்ட் கம்பெனியா?"

"ஆமாம்ணே. அம்பத்தூர்ல டெய்லர். பன்னிரண்டு வருஷம்."

அதற்குப் பிறகு கடைக்காரர் அந்தப் பையைப் பற்றிப் பெருமை பேசவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு "உட்கார்ந்து பாருங்க" என்றார்.

உள்ளே புரட்டினால் உண்மை தெரியும்

அம்மா முதலில் பார்த்தது தையல் ஓரம். துணியின் வெட்டுமுனை அப்படியே பிசிறோடு விடப்பட்டிருந்தது. நல்ல பையில் இந்த ஓரத்தை நாடா வைத்து மூடித் தைத்திருப்பார்கள். மூடாத ஓரம் நாளாக ஆக நூல் நூலாகப் பிரிந்து, கடைசியில் தையலையே விட்டுவிடும்.

அடுத்து வார். அதாவது கைப்பிடி நாடா. முத்திரைப் பையில் அது பையின் மேல் விளிம்பில் மட்டும் ஒட்டுப்போட்டதுபோல் தைக்கப்பட்டிருந்தது. மொத்த எடையும் அந்த நான்கு இடத்துத் தையலில்தான் தொங்கும். வார் பையின் அடிவயிறு வரை ஓடி, மறுபக்கம் ஏறி வந்தால் எடையை அடிப்பாகமே தாங்கிக்கொள்ளும். வார் வந்து சேரும் இடத்தில் சதுரமாகத் தைத்து, நடுவில் பெருக்கல் குறிபோல் குறுக்குத் தையல் இருக்கவேண்டும்.

தையல் நெருக்கமாக இருந்தால் உறுதி என்று பலரும் நினைப்பார்கள். அளவுக்கு மீறி நெருங்கினால் ஊசி ஓட்டைகள் வரிசையாக விழுந்து, தபால்தலைத் தாளைப்போல் துணி அந்தக் கோட்டிலேயே கிழியும். டெய்லர்களுக்கு இது பாலபாடம்.

பிறகு துணி. லேபிளில் '600டி' என்று இருந்தால் அந்த 'டி' டெனியரைக் குறிக்கும். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையோ, அதுதான் டெனியர். எண் கூடினால் நூல் தடிமன். 210 டெனியர் உள்துணிக்குப் போதும், வெளித்துணிக்கு 600 இருந்தால் நல்லது. லேபிள் இல்லாத பையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாலே நெசவு நெருக்கமா, சல்லடையா என்று தெரிந்துவிடும்.

கடைசியாக ஜிப். அம்மா பத்து முறை திறந்து மூடினார். நேர்க்கோட்டில் எல்லா ஜிப்பும் ஓடும். மூலையில் வளையும் இடத்தில்தான் சிக்கும். ரன்னரின் பின்பக்கம் 5, 8, 10 என்று எண் இருந்தால் அது ஜிப்பின் பருமன். பெரிய வாய்க்கு 8 அல்லது 10 உழைக்கும்.

திருவள்ளூர் பிளாட்பாரத்தில் நடந்தது

இவ்வளவு பார்ப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

போன வருடம் மாவட்டப் போட்டிக்குப் போனபோது, திருவள்ளூர் பிளாட்பாரத்தில் மகளின் பழைய பை வார் அறுந்து விழுந்தது. ஜிப்பும் பிளந்துகொண்டது. ஷூ ஒரு பக்கம், ஜெர்சி ஒரு பக்கம். ஒரு நீ-பேட் உருண்டு தண்டவாளத்தில் விழுந்துவிட்டது. அன்று ஒற்றை நீ-பேடோடு ஆடினாள். இடது முழங்காலில் இன்னமும் தழும்பு இருக்கிறது.

அந்தப் பையை வாங்கிக் கொடுத்தவர் அம்மாதான். 300 ரூபாய்க்கு மலிவாகக் கிடைத்ததே என்று அவசரத்தில், புரட்டிப் பார்க்காமல் வாங்கியது. ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுக்கிற கை, மகளின் பைத் தையலைப் பார்க்காமல் விட்டுவிட்டதே என்ற வருத்தம் அவருக்கு. அதை மகளிடம் சொன்னதில்லை.

40 லிட்டரா, 31 லிட்டரா?

இரண்டாவதாகக் கடைக்காரர் எடுத்துப்போட்டது ஒரு மெரூன் நிறப் பை. முத்திரை ஏதும் இல்லை. வார் அடிவரை ஓடியது. ஓரமெல்லாம் நாடா. லேபிளில் '40 லிட்டர்' என்று போட்டிருந்தது. விலை 780.

அம்மா கைப்பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தார். நீளம் 20 இஞ்ச், குறுக்களவு 11 இஞ்ச். "பத்தாவதுல உருளைக் கணக்கு படிச்சியே, போடு" என்றார் மகளிடம். மகள் செல்போனில் போட்டாள். 51 சென்டிமீட்டர் நீளம், 28 சென்டிமீட்டர் விட்டம். பை ஆர் ஸ்கொயர் ஹெச். சுமார் 31 லிட்டர்.

"லேபிள் அடிக்கிறவன் கொஞ்சம் தாராளமா அடிச்சிட்டான்" என்று கடைக்காரரே சிரித்துவிட்டார்.

31 லிட்டர் போதுமா? கட்டைப்பை வந்த காரணம் இப்போது மகளுக்குப் புரிந்தது. ஷூ தனி அறையில் போனது. அந்த அறை பையின் உள்இடத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது என்பது ஷூ போட்ட பிறகுதான் தெரிந்தது. நீ-பேட், ஜெர்சி, துண்டு, பாட்டில், கயிறு எல்லாம் அடங்கின. கடைக்காரர் ஷெல்பிலிருந்து ஒரு வாலிபாலை எடுத்துக் கொடுத்தார். 21 சென்டிமீட்டர் விட்டமுள்ள பந்தும் உள்ளே போய், ஜிப் மூடியது.

இதுவே பேட்மின்டன் ஆடுபவர் என்றால் இந்தப் பை உதவாது. ராக்கெட்டின் நீளம் 68 சென்டிமீட்டர் வரை வரும். கிரிக்கெட் மட்டை 96.5 சென்டிமீட்டர் வரை. என்ன விளையாட்டு என்பதுதான் பையின் நீளத்தை முடிவுசெய்யவேண்டும்.

'டிக்' என்று ஒரு சத்தம்

மகளுக்கு இன்னும் மனசு ஆறவில்லை. "அந்தப் பையிலயும் போட்டுப் பாக்கலாம்மா" என்றாள். கடைக்காரர் தலையசைத்தார். அதே சாமான்கள் முத்திரைப் பைக்கு மாறின. அவளே தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வரை நடந்தாள்.

திரும்பும்போது வார் ஓரத்தில் 'டிக்' என்று சின்னச் சத்தம். நூல் ஒன்று விட்டிருந்தது.

யாரும் எதுவும் பேசவில்லை. மகள் பையைக் கீழே வைத்தாள். ஒரு நிமிடம் அந்த முத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து மெரூன் பையில் அடுக்கினாள். நீ-பேட் இரண்டையும் சேர்த்துச் சுருட்டி, பந்துக்கும் துண்டுக்கும் நடுவில் இறுக்கமாக வைத்தாள்.

"இதுவே இருக்கட்டும்மா."

பேரம் ஐந்து நிமிடம் நடந்தது. 780 என்பது 750 ஆகி, 720-ல் நின்றது. அம்மா 700 ரூபாயை எண்ணி வைத்துவிட்டு, சில்லறைக்காகப் பர்ஸைத் துழாவினார். "விடுங்கக்கா, பாப்பா நல்லா ஆடட்டும்" என்று கடைக்காரர் பணத்தை எடுத்துக்கொண்டார். விட்டுப்போன நூலைப் பற்றி அவரும் கேட்கவில்லை. அம்மாதான் அந்தப் பையை எடுத்து, அவிழ்ந்த முனையை முடிச்சுப்போட்டு, திரும்ப மாட்டினார்.

பை வாங்கப் போகிறீர்களா? கவனியுங்கள்

- சாமான்களைக் கையோடு கொண்டுபோய், நிரப்பி, தோளில் மாட்டி நடந்து பாருங்கள். காலிப் பை எல்லாமே நல்ல பைதான்.
- பையை உள்பக்கம் புரட்டி ஓரத் தையலைப் பாருங்கள். வார் அடிப்பாகம் வரை ஓடுகிறதா என்று பாருங்கள்.
- தோள்வாரின் கொக்கி உலோகமா, பிளாஸ்டிக்கா என்று கவனியுங்கள். பிளாஸ்டிக் என்றால் இழுத்துப் பார்த்து வாங்குங்கள்.
- ஷூ அறையில் காற்றுத் துளை இருக்கட்டும். வியர்வைக்கென்று பெரிய வாடை கிடையாது. ஈரத்தில் பெருகும் பாக்டீரியாதான் நாற்றத்துக்குக் காரணம். வீடு வந்ததும் பையைக் காலி செய்து, வாய் திறந்து, நிழலில் காயவையுங்கள்.
- வாஷிங் மெஷினில் போடவேண்டாம். தண்ணீர் புகாமலிருக்க உள்ளே பூசிய பூச்சு உரிந்துவிடும். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.
- ஒரே தோளில் எப்போதும் மாட்டாமல் மாற்றி மாற்றி மாட்டுங்கள்.
- ஜிப் கெட்டால் பையைத் தூக்கிப் போடாதீர்கள். பெரும்பாலும் தேய்வது ரன்னர்தான். பை ரிப்பேர்காரர் அதை மட்டும் மாற்றிக் கொடுப்பார்.

திரும்பும் வழியில்

நேரு ஸ்டேடியத்தின் மதில் ஓரமாக இருவரும் நடந்தார்கள். மெரூன் பை மகளின் தோளில். "குடு, கொஞ்ச தூரம் நான் தூக்கறேன்" என்றார் அம்மா. "இல்லம்மா, இனிமே நான்தானே தூக்கணும்" என்றாள் அவள்.

காலியான கட்டைப்பையை அம்மா நான்காக மடித்தார். மகளை நிறுத்தி, பக்க ஜிப்பைத் திறந்து உள்ளே செருகினார்.

"ஈரத்துணி போட்டுக்கோ. வேற எதோடயும் கலக்காத."

ஜவுளிக்கடைப் பெயர் வெளியே தெரியாதபடி அதை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு, ஜிப்பை மூடினாள் மகள். ஆவடி ரயிலுக்கு இன்னும் எட்டு நிமிடம் இருந்தது.