பாஸ் ஆன கம்பி ஏன் லாரி ஏறல?

மிக்ஸி, ஃபேன், கிணத்து மோட்டார் எதைப் பிரிச்சாலும் உள்ளே தேன் நிறத்துல ஒரு கம்பி சுத்தியிருக்கும். வெறும் காப்பர்னு நினைச்சுடாதீங்க. அதுமேல தலைமுடியை விட மெல்லிசா ஒரு எனாமல் பூச்சு இருக்கு. பக்கத்துப் பக்கத்துச் சுத்துக்கு நடுவுல ஷார்ட் ஆகாம காப்பாத்துறது அதுதான்.

கோவைல ஒரு சின்ன கம்பி யூனிட்ல இன்டர்ன்ஷிப் பண்ணப்பதான் இதெல்லாம் தெரிஞ்சது. கம்பி எனாமல்ல நனைஞ்சு 400 டிகிரிக்கு மேல இருக்கிற அடுப்புக்குள்ள போகும். வெளியே வந்து மறுபடி பூச்சு, மறுபடி அடுப்பு. இப்படிப் பத்துப் பன்னிரண்டு தடவை. கம்பி வேகமா ஓடினா பூச்சு சரியா வேகாது. ரொம்ப மெதுவா ஓடினா முறுகிப்போய், வளைக்கும்போது வெடிக்கும். தோசைக்கதைதான்!

அடுப்பைப் பார்த்துக்கிற அண்ணா நிறத்தை வச்சே சொல்லிடுவார். "கொஞ்சம் வெளுத்திருக்கு தம்பி, வேகத்தைக் குறைக்கணும்"னு அவர் சொன்னா பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும். ஆனா நிறம் மட்டும் போதாதுனு டான் டெல்டா டெஸ்ட் வச்சிருக்காங்க. கம்பியைச் சூடாக்கிக்கிட்டே பூச்சுல எவ்வளவு மின்சாரம் வெப்பமா வீணாகுதுனு அளந்து கிராஃப் போடுவாங்க. பூச்சு சரியா வேகலைன்னா, கிராஃப் குறைவான வெப்பநிலையிலேயே மேலே ஏற ஆரம்பிச்சிடும்.

ஒருநாள் அப்படித்தான் ஏறுச்சு. வோல்டேஜ் டெஸ்ட் பாஸ், வளைச்சுப் பார்க்கிற டெஸ்ட்டும் பாஸ். லாரி வாசல்ல நிக்குது. "இது ஒண்ணுதானே மேடம், அனுப்பிடலாமே"னு டிஸ்பாட்ச்ல கேட்டாங்க. கியூசி மேடம் கையெழுத்துப் போடல. "காயில் கட்டினதும் வார்னிஷ்ல முக்குவாங்க. அந்த சால்வென்ட் பட்டா வேகாத பூச்சு இளகும். இன்னைக்கு எரியாது, ஆறு மாசம் கழிச்சு எரியும்"னாங்க.

எனக்கு எங்க மாமா ஞாபகம் வந்துச்சு. போன கோடைல அவர் கிணத்து மோட்டார் எரிஞ்சு, ரீவைண்டிங் முடிஞ்சு வர்றதுக்குள்ள நாலு நாள் கத்திரிக்குத் தண்ணி இல்ல. லோ வோல்டேஜ்னு மெக்கானிக் சொன்னார், மாமாவும் நம்பினார். அது உண்மையாவே இருக்கலாம். ஆனா கம்பியில குறை இருந்திருந்தாலும் அவருக்கு எப்படித் தெரியும்? எரிஞ்ச காயில்ல பூச்சும் கருகிப்போச்சே.

அந்த ஸ்பூல்கள் ஸ்கிராப்புக்குப் போச்சு. நம்ம செமஸ்டர்ல டான் டெல்டா ரெண்டு மார்க் கேள்வி. அங்க அது ஒரு லாரியை நிறுத்துச்சு.