அல்சூர் ஏரிக்கரையில் ஒரு ஞாயிறு

இருப்புப்பாதை ஊழியனுக்கு ஊர் என்பது மாற்றலாணையில் வரும் ஒரு பெயர். 2014ஆம் ஆண்டு எமக்கு வந்த ஆணையில் இருந்த பெயர் பெங்களூர். மூட்டை முடிச்சுகளுடன் சோலையார்பேட்டையைக் கடந்து, குப்பம், பங்காருப்பேட்டை வழியாகக் கண்டோன்மென்ட் நிலையத்தில் வந்திறங்கினோம். கன்னடத்தார் இப்பகுதியைத் 'தண்டு' என்பர். படை தங்கும் இடம் என்று பொருள். 1809இல் ஆங்கிலேயர் இங்குப் பாளையம் அமைத்தபொழுது, சென்னைப் படையின் பின்னே தமிழ் வணிகரும் கொத்தரும் பணியாட்களும் வந்தனர். 1864இல் புகைவண்டி வந்தபின் வருவோர் தொகை பெருகிற்று. எனவே, 'புதிதாக வந்திருக்கிறோம்' என்று யாம் எண்ணியது பிழை. எமக்குமுன் இருநூறு ஆண்டு வரிசை ஒன்று நின்றிருந்தது.

அவ்வாறு வந்தவர்களை ஒன்றுசேர்த்தவை எவை என்று பார்ப்பதற்காகவே, விடுமுறை ஞாயிறுகளில் குடும்பத்தோடு இப்பகுதிகளைச் சுற்றி வந்தோம். சிவாஜிநகரில் 1882இல் கட்டி முடிந்த தூய மரியன்னை ஆலயம் விண்ணளாவி நிற்கிறது. ஆகஸ்ட் 29இல் கொடியேறி, செப்டம்பர் 8இல் தேரோடும் அவ்விழாவில், சேலை உடுத்திய அன்னையின் முன் மெழுகுவத்தி ஏற்றுவோர் கிறித்தவர் மட்டும் அல்லர். எம் இல்லத்தரசியும் ஒன்று ஏற்றினார். என்ன வேண்டிக்கொண்டார் என்று யாம் கேட்கவில்லை. ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் 1873இல் ஏழைப் பிள்ளைகட்காகத் தொடங்கிய பள்ளியின் அறநிலையம் இன்றும் கல்விப்பணி ஆற்றி வருகிறது. கோயிலுக்குக் கொடுப்பது போலவே பள்ளிக்கும் கொடுத்த கைகள் அவை.

அல்சூர் ஏரிக்கு அருகே பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் உள்ளது. 1950இல் தோன்றியது. கோயிலும் ஆலயமும் தத்தம் அடியாரைச் சேர்க்க, இச்சங்கமோ சைவரையும் வைணவரையும் கிறித்தவரையும் இசுலாமியரையும் மொழியின் பெயரால் ஒரே பாயில் அமர்த்துகிறது. இதன் நூலகத்தில்தான், கன்னட நாட்டில் பிறந்த எம் மகளுக்குத் தமிழ்க் கதைப் புத்தகங்கள் கிடைத்தன. இவ்வகையில் யாம் சங்கத்துக்குக் கடன்பட்டவர்கள்.

ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். 2016 செப்டம்பர் 12ஆம் நாள், காவிரி நீர் பற்றிய உச்ச நீதிமன்ற ஆணையை ஒட்டி நகரில் கலகம் மூண்டது. பேருந்துகள் எரிந்தன. யாம் சந்து பொந்துகளின் வழியே நடந்து இல்லம் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. மழலைப் பள்ளியில் இருந்த மகளை யார் அழைத்து வந்திருப்பார்கள் என்று நெஞ்சு பதைத்தது. அண்டை வீட்டுக் கன்னட மூதாட்டி அழைத்து வந்து, சோறூட்டித் தம் மடியில் உறங்க வைத்திருந்தார். "வாசலில் நிற்காதீர்கள், உள்ளே வாருங்கள்" என்று கதவைத் தாழிட்டவரும் அவரே. அவரை அதுகாறும் எம் பொங்கல் விழாவுக்கு ஒருமுறையேனும் அழைத்ததில்லை என்பது அன்றிரவுதான் எமக்கு உறைத்தது. எம் மன்றங்கள் எம்மை எம்மவரோடு நன்கு பிணைத்திருந்தன. அடுத்த வீட்டுக்கு வழி திறக்க அவை எமக்குக் கற்றுத் தரவில்லை, யாமும் கேட்டதில்லை.

வழி திறந்தோர் இந்நகரில் உண்டு. திகளர்பேட்டை தர்மராயர் கோயிலில் சைத்ர மாத முழுநிலா இரவில் கரகம் புறப்படுகிறது. திகளர் தோட்டத் தொழிலில் வல்லவர். அவர்தம் முன்னோர் தமிழகத்தினின்று வந்தோர் என்பது வழக்கு. செஞ்சிப் பக்கத்துத் திரௌபதியம்மன் திருவிழாவைக் கண்டவர்களுக்கு இங்கே உறவின் சாயல் தெரியும். பெண்கோலம் பூண்ட பூசகர் மலர்க்கரகத்தைத் தலைமேல் தாங்கி வர, வாளேந்திய வீரகுமாரர் சூழ்ந்து வருவர். அக்கரகம் காட்டன்பேட்டையில் உள்ள தவக்கல் மஸ்தான் தர்காவுக்குள் சென்று வருகிறது. நள்ளிரவு கடந்த நெரிசலில் எம் செருப்பு ஒன்று காணாமற் போயிற்று. ஒற்றைச் செருப்போடு நின்ற எம்மிடம் இவ்விழா தமிழருடையதா, கன்னடருடையதா என்று எவரேனும் கேட்டிருந்தால் விடை சொல்லத் தெரிந்திராது.

மற்றொரு வழி திறக்கப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. அல்சூர் ஏரியருகே திருவள்ளுவர் சிலை 1991இல் ஆயத்தமாயிற்று. எதிர்ப்பினால் திறக்க இயலவில்லை. அவ்வாண்டு டிசம்பரிலேயே காவிரிக் கலவரமும் மூண்டு, தமிழ்க் குடும்பங்கள் பல ஊரைவிட்டுப் போயின. வள்ளுவர் துணிக்குள் மறைந்தே நின்றார். இறுதியில் 2009 ஆகஸ்ட் 9ஆம் நாள் முதல்வர்கள் கருணாநிதியும் எடியூரப்பாவும் கூடியிருக்கச் சிலை திறக்கப்பெற்றது. நான்கே நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பெற்றது. அரசியல் கணக்கு அதில் இருந்திருக்கலாம். இருந்தால் என்ன? கொடுத்து வாங்குவதுதானே சம்பந்தம் செய்வோர் வழக்கம்!

சென்ற மாத ஞாயிறு ஒன்றில், எம் மகள் 'அஜ்ஜி' என்று அழைக்கும் அந்த மூதாட்டியையும் உடன் அழைத்துக்கொண்டு அச்சிலையைக் காணச் சென்றோம். கலகத்தன்று அவர் மடியில் உறங்கிய குழந்தை இப்போது அவர் கையைப் பிடித்துச் சாலை கடக்க உதவினாள். வள்ளுவர்முன் நின்று ஒரு குறளை ஒப்பித்தாள். அஜ்ஜி தலையசைத்துக் கேட்டுவிட்டு, சர்வக்ஞரின் மூவடிப் பா ஒன்றை இராகத்துடன் சொன்னார். மகள் விரல்விட்டு எண்ணினாள்.

"அப்பா, அஜ்ஜி பாட்டில் ஒரு வரி கூடுதல்" என்றாள்.

"உங்கள் தாத்தா சிக்கனக்காரர்" என்றார் அஜ்ஜி, வள்ளுவரைக் காட்டி.